சிரட்டை முங்குமுன்

நண்பரே,

இன்று காலை கடைக்கு ஒரு சம்சாரி வந்து வேப்பெண்ணெய் கேட்டார். உழவு மாட்டுக்குக் கழுத்தில் புண்ணாம். டின்னைத் திறந்து உழக்கில் ஊற்றினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன முதலாளி, எண்ணெய் காணாதா?" என்று அவர் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. அவர் போன பின்பும் கடை முழுக்க உம்முடைய வாடைதான். கோபித்துக்கொள்ளாதேயும். குளக்கரையில் உம்மைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் பார்த்தவன் நான்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு வந்து நிற்பீர். "சொறி பிடிச்ச மாட்ட யாரு வே குளத்துக்கு ஓட்டியாந்தது?" என்று நான் கேட்பேன். கூட்டம் சிரிக்கும். நீரும் சிரிப்பீர். "அட்டை உம்மத்தான் கடிக்கும், என்னை அண்டாது" என்பீர். எண்ணெய் தடவினால் தண்ணீர் வழுக்கிவிடும் என்றும் உமக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதைச் சொன்னால் நான் இன்னும் சிரிப்பேன் என்று அட்டையின் மேல் பழியைப் போட்டீர். எனக்கு அது தெரியும்.

நம் பக்கம் குளம் பெருகுவதே அதிசயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி மறுகால் பாய்ந்துவிட்டால் ஊருக்கே கல்யாணம்தான். மடைக்கரையில் வேட்டுப் போட்டதும் குதித்து, எதிரே கருவேலங்காட்டு ஓரம் வரை நீந்த வேண்டும். பொடியன்கள் கூடாது, மீசை முளைத்தவர்கள் மட்டும். முதலில் கரையேறுகிறவனுக்கு மாலையும் ஈரிழைத் துண்டும். அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போவேன். குளத்திலிருந்து என் வீட்டுக்குக் கடைத்தெரு சுற்றுவழி என்பது உமக்கே தெரியும்.

நீரோ எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள். சில வருடம் கடைசியே. ஆனால் எங்கள் யாருக்கும் இல்லாத ஒன்று உமக்கு இருந்தது. உம்முடைய பங்குக் கிணற்றில் தண்ணீர் முறை பார்க்கிற சிரட்டை. அடியில் ஊசித் துளை போட்ட தேங்காய்ச் சிரட்டை. பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து, நிறைந்ததும் முங்கும். முங்கினால் ஒரு பங்காளியின் முறை முடிந்து அடுத்தவன் முறை. அந்தச் சிரட்டையையும் ஒரு பானையையும் எடுத்துக்கொண்டு உம் வீட்டு மதினி கருவேலங்காட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வேட்டுச் சத்தம் கேட்டதும் சிரட்டையைத் தண்ணீரில் விடுவார்கள். அது முங்குவதற்குள் நீர் கரையேறிவிட வேண்டும். உம்முடைய போட்டி அவ்வளவுதான்.

ஒரு வருடமும் முடிந்ததில்லை. மூச்சு வாங்க வந்து, மாலையும் கழுத்துமாக நிற்கிற என்னைத் திரும்பியும் பாராமல் மதினியிடம் ஓடுவீர்.

"முங்கிட்டா?"

"முங்கிட்டு. ஆனா முங்கையில நீங்க குத்துக்கல்லத் தாண்டிட்டீக."

உடனே உமக்குப் பல்லெல்லாம் தெரியும். போன தடவை தண்ணீருக்குள் நிற்கிற அந்தக் குத்துக்கல்லுக்கு அந்தப் பக்கம், இந்தத் தடவை இந்தப் பக்கம். அதற்கு அவ்வளவு கும்மாளம். எனக்கு எரிச்சலாக வரும். ஜெயித்தவன் நான், மாப்பிள்ளைக் களை உமக்கா?

"யார வே ஜெயிச்சீரு, இந்த ஆட்டம் ஆடுதீரு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன வருசத்து ஆளு ஒருத்தன் இருக்காம்லா, அவனத்தான். லேசுப்பட்டவன் இல்ல வே அவன்."

"எங்க நீந்துதான்? என் கண்ணுக்குத் தெரியலயே."

"உமக்கு எப்படித் தெரியும்? அவன் எனக்கு மட்டுந்தான் தெரிவான்."

யுத்த காலத்தில் ஒரு வருடம் மழை ஏமாற்றியது நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம். குளத்தில் பாதித் தண்ணீர்தான். இருந்தாலும் போட்டி வைத்தார்கள். நீரும் எங்களோடு நீந்தினீர். ஆனால் மதினியைச் சிரட்டை வைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டீர். "குளம் சுருங்கிக் கிடக்கு. இதுல சீக்கிரம் வந்து என்ன பெருமை? மறுகால் பாஞ்சாத்தான் கணக்கு" என்றீர். நான் அந்த அரைக்குளத்துக்கும் துண்டு வாங்கிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றினேன். அன்றைக்கு வராத வெட்கமெல்லாம் சேர்த்து வைத்து இப்போது வருகிறது.

பிறகு நான் தோற்ற வருடம். தறி வேலைக்கு ஊருக்குப் புதிதாக வந்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். நெஞ்சு வெடித்துவிடும் போல நீந்தினேன். ஆனாலும் ஒரு கை தூரத்தில் அவன் கரையைத் தொட்டுவிட்டான். மாலை என் முகத்துக்கு முன்னால் அவன் கழுத்துக்குப் போயிற்று. நான் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டேன். அப்போது நீர் வந்தீர். வழக்கம்போல எல்லாருக்கும் பிறகு வந்தவர், மதினியிடம் ஏதோ கேட்டுவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்தீர்.

"வே, சேதி தெரியுமா? நீர் கரையேறையில சிரட்டை பாதிகூட நெறையலயாம். எப்பவும் நீர் வாரப்ப முக்கால்வாசி நெறஞ்சிருக்கும். உம்ம ஆயுசுல இப்படி நீந்துனதில்ல வே!"

அத்தனை வருடமும் எனக்கும் சேர்த்துச் சிரட்டையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. நன்றி சொல்ல வேண்டிய வாய் என்ன சொல்லிற்று?

"தோத்தவனுக்கு என்ன வே கணக்கு? போவும் அங்கிட்டு."

ஊர் கேட்கச் சொன்னேன். அன்றைக்கு வேறு வழியில் வீட்டுக்குப் போனவன் அதன் பிறகு குளத்தில் கால் நனைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மூட்டுவலி என்றேன்.

மறுபடி மறுகால் பாய்ந்தபோது, போட்டியன்று விடியலிலேயே எண்ணெய் வாடையோடு கடை வாசலில் வந்து நின்றீர். "வாரும் வே, குளம் கடல் மாதிரி கிடக்கு." கடையில் ஆளில்லை என்றேன். ஆள் எனக்குப் பின்னால் நின்று மிளகாய் வற்றல் அளந்துகொண்டிருந்தான். நீர் அவனையும் பார்த்தீர், என்னையும் பார்த்தீர். "சரி, மூட்டப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்.

உச்சிப்பொழுதில் திரும்பி வந்தீர். ஈர வேட்டி காலைத் தட்ட, வாங்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு நேரே கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றீர். கடைத் தரையெல்லாம் தண்ணீர். மூச்சுவிடக்கூட நிற்கவில்லை.

"கரையேறிட்டேன் வே! சிரட்டை மிதக்கு! நான் ஏறுன பொறவும் மிதக்கு!"

எத்தனை வருட ஆசை என்று ஊரில் மதினிக்கு அடுத்து அறிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் வீட்டுக்குக்கூடப் போகாமல் என்னிடம் ஓடி வந்தீர். நான் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

"யாரு முதல்ல வந்தா?"

உமக்கு அந்தக் கேள்வி பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நெற்றியைச் சுருக்கி யோசித்தீர். "அதப் பாக்கலயே வே" என்றீர், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. பிறகு வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டு, "சரி, ஏவாரத்தப் பாரும்" என்று இறங்கிப் போனீர். அடுத்த மழையைப் பார்க்க நீர் இல்லை. மாசியில் வந்த காய்ச்சல் பங்குனியில் உம்மைக் கொண்டுபோய்விட்டது. இடையில் எத்தனையோ நாள் பார்த்தோம், விலைவாசி பேசினோம். "நல்லா நீந்துனீரு வே" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அதற்கு எனக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை.

இந்த வருடம் குளம் நிறைந்து கிடக்கிறது. போட்டி போன வாரமே முடிந்துவிட்டது. இன்று அந்தச் சம்சாரி போனதும் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு மடைக்கரைக்குப் போனேன். ஈ காக்கை இல்லை. இறங்கினேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. கை வலித்தது, மூச்சு இளைத்தது. பொய் சொன்ன பாவத்துக்கு மூட்டும் உண்மையாகவே வலித்தது. ஆனாலும் எதிர்க்கரை சேர்ந்துவிட்டேன். முதலாவதாக வந்ததும் நான், கடைசியாக வந்ததும் நான். கருவேல நிழலில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவமானமாக இருந்தது, உம்மிடம் மறைக்க மாட்டேன்.

ஆளே இல்லாத குளத்தில், வழி நெடுக நான் வலமும் இடமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நீந்தியிருக்கிறேன்.