ஆட்டத்துக்கு அடியில் ஓடிய வரி

மார்ச் 4, திங்கள்

இன்றிலிருந்து எங்கள் சேனலில் ஏழு மணிச் செய்தி அரை மணி நேரம் இல்லை, எட்டே நிமிடம். ஞாயிறு கால்பந்து பைனல். மீதி நேரமெல்லாம் அதற்கு. அடுத்த மாதம் இன்னொரு கோப்பை வருகிறது, அப்போதும் இப்படித்தானாம். அந்த எட்டு நிமிடத்திலும் முதல் செய்தி கேப்டனின் முழங்கால். இரண்டாவது, அந்த முழங்காலைப் பார்த்த டாக்டர். என் அறைக் கதவில் ‘செய்தி ஆசிரியர்’ என்று இருக்கிறது. முழங்கால் ஆசிரியர் என்று மாற்றிவிடலாம்.

சீஃபிடம் கேட்டேன். “விளம்பரம் எங்க இருக்கோ, நேரமும் அங்கதாம்மா போகும். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க” என்றார். கெட்டவர் இல்லை. அவர் தலைக்கு மேலேயும் ஆட்கள்.

மார்ச் 6, புதன்

தங்கை போன் செய்தாள். மகனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். அவள் தெருவில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படியே. “குழாய்த் தண்ணி ஒரு மாதிரி நாறுதுக்கா. சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க.”

என்னிடம் சொல்லிவிட்டாளே. நானாவது போட்டுக்கொள்ள வேண்டாமா?

மார்ச் 7, வியாழன்

கேமராமேனை இழுத்துக்கொண்டு நானே போனேன். மைக் பிடித்து வருஷக்கணக்காகிவிட்டது. உள்ளுக்குள் ஒரே துள்ளல்.

கிழக்குப் பகுதி ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். டாக்டரம்மா பூசி மெழுகாமல் பேசினார்: “எல்லாம் மஞ்சள் காமாலை. எல்லாருமே ஒரே தண்ணியைக் குடிச்சவங்க.” தங்கை மகன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். பெரியம்மா வந்ததைவிடக் கேமரா வந்ததில்தான் அவனுக்குச் சந்தோஷம்.

அங்கிருந்து, தண்ணீர்க் குழாய் வரும் வழியைப் பிடித்துக்கொண்டே, பைனல் நடக்கப்போகும் புது மைதானம். அதற்குப் போகும் சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது சாக்கடைக் குழாய் உடைந்திருக்கிறது. ஒட்டினாற்போலக் குடிநீர்க் குழாய், அதிலும் விரிசல். கேமராமேன் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்து எடுத்தார். நீர்த்துறை இன்ஜினியர் முதலில் மழுப்பினார். குழிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்டார். “கலந்திருக்குங்க. டெஸ்ட்லயும் அப்படித்தான் வந்திருக்கு. பைனல் முடியறவரைக்கும் ரோட்டைத் தோண்டக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க.” கேமரா ஓடுகிறது என்று தெரிந்தேதான் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் நானும் கேமராமேனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தோம். அப்பேர்ப்பட்ட செய்தி.

மார்ச் 8, வெள்ளி

சீஃப் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

“நல்லா பண்ணியிருக்க. திங்கட்கிழமை போடலாம்.”

“அதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க குடிக்கும் சார்?”

“பைனல் அந்த கிரவுண்டுல நடக்குது. காட்டறது நாம. நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?” பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “எட்டு நிமிஷத்துல இடமில்லம்மா.”

இடமில்லையாம். முழங்காலுக்கு இருக்கு. ஞாயித்துக்கிழமை அத்தனை ஆயிரம் ஜனம் அதே தண்ணியத்தானே குடிக்கப் போகுது, இது யாருக்குமே உறைக்கலையா? இல்ல, எனக்குத்தான் பைத்தியமா?

மார்ச் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் செய்தி அறையில் நான் மட்டும். மற்றவர்கள் எல்லாரும் மைதானத்தில். திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் என் மேஜையில். ஆட்ட நேரத்தில் அதில் சோப்பு விளம்பரம்தான் ஓட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் செய்தி போடலாம் என்று ஒரு விதி. இது உயிருக்கு ஆபத்து இல்லாமல் வேறென்ன?

தட்டினேன்: ‘கிழக்குப் பகுதியிலும் மைதானத்திலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சாக்கடை கலந்திருப்பதை நீர்த்துறைப் பொறியாளர் உறுதி செய்தார்.’

வேலை போனால் போகிறது. பட்டனை அமுக்கிவிட்டேன்.

வர்ணனையாளர் பழைய கோல்கீப்பர். வெண்கலம் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், குரல் அப்படி. “பந்து இடது ஓரத்துல, தட்டிவிடறாரு, மறுபடியும்...” என்றவர் சட்டென்று நிறுத்தினார்.

“கீழ ஓடற வரியைக் கொஞ்சம் படிங்க. மைதானத்துல இருக்கறவங்க யாரும் குழாய்த் தண்ணியைத் தொடாதீங்க. பிள்ளைங்களைப் பார்த்துக்குங்க.” உடனே ஆட்டத்துக்குத் திரும்பினார். “ம்... கார்னர் கிக்.”

அறையிலிருந்த அத்தனை போனும் சேர்ந்து அலறின. முதலில் எடுத்தது சீஃபுடையது.

“யார் போட்டது?”

“நான்தான் சார்.”

“எடுத்துடாத. இப்ப எடுத்தா இன்னும் கேவலம். டாக்டரம்மா பேசினது தயாரா இருக்கா? இடைவேளையில போடு.”

ஓடினேன். ஒரு செருப்பு படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு எடிட் அறையில் போய் விழுந்தேன். டாக்டரம்மா, இன்ஜினியர், குழி, இடைவேளையில் மூன்றும் ஒளிபரப்பாயிற்று. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் நாங்கள் தந்த செய்தியைப் பார்த்ததே கிடையாது. கேமராமேன் மைதானத்திலிருந்து கூப்பிட்டார்: “மேடம், குழாய்ப் பக்கம் ஒருத்தர் இல்ல. போலீஸே காவலுக்கு நிக்குது.”

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

மார்ச் 11, திங்கள்

யார் ஜெயித்தார்கள் என்று இப்போதுதான் விசாரித்தேன்.

மார்ச் 13, புதன்

சாலையைத் தோண்டிவிட்டார்கள். லாரியில் தண்ணீர் வருகிறது. தங்கை மகன் இட்ட கட்டளை: வீடு திரும்பியதும் கேமராமேன் மாமா வர வேண்டும்.

சீஃப் கூப்பிட்டார். மேலிடம் கொதிக்கிறதாம், சோப்புக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். “ஆனா இடைவேளையில அவ்வளவு பேர் எழுந்து போகாம பார்த்ததையும் கணக்குப் பார்த்துட்டாங்க. அடுத்த கோப்பைல ஒவ்வொரு இடைவேளைக்கும் ரெண்டு நிமிஷம் செய்தி. வழங்கறது ஒரு பாட்டில் தண்ணி கம்பெனி.”

“அவங்க பேர்ல தண்ணிச் செய்தியா? வேண்டாம் சார்.”

“அப்போ ஒரு நிமிஷம்தான்.”

“குடுங்க.”

அவரே சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதைக்கு.

ஏப்ரல் 21, ஞாயிறு

எனக்கு விடுமுறை. வண்டி பஞ்சர். ஒட்டிக் கொடுக்கும்வரை பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஆட்டம், கடை நிறைய கூட்டம். இடைவேளை வந்ததும் ஒருவர் பாட்டு வைக்கச் சொன்னார். கடைக்காரர் ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இருய்யா, சேதி வரும்.”

வந்தது. பிரேக் சரியில்லாத பள்ளிக்கூட பஸ்களைப் பற்றி. படித்த பெண் கொஞ்சம் அவசரப்பட்டாள், நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. இரண்டு பேர் மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை. தங்கள் பிள்ளைகள் போகும் பஸ் எது, யாரைப் போய்க் கேட்பது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது.