கூப்பிடாமல் வந்தவை

1928 ஜூன் 11, திங்கள். ஆம்பூர்.

கோடை விடுமுறை முடிந்து இன்று பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பெண்கள் வரவில்லை. வந்தவர்கள் வாய்ப்பாட்டை மறந்துவிட்டார்கள்.

இடது மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி நேற்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொட்டைப்பாக்கு அளவு இருக்கிறது. வலி இல்லை. தோல் கிடங்கில் குமாஸ்தா இவர். ஆட்டுத்தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துத் தனியே எடுத்துப் போடுவார். என் கட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே என்றார். அவ்வளவுதான். கட்டி எனக்கு, மானம் இவருக்கா?

ஜூன் 19

வாணியம்பாடியிலிருந்து யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு பச்சிலைப் பற்று கொண்டுவந்தார். போட்ட இடம் வெந்து கொப்பளித்துவிட்டது. கட்டி அப்படியே இருக்கிறது. வேலூர் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன்.

“அங்க போனா அறுத்துடுவாங்க. அறுத்துட்டா அப்புறம் நீ இன்னா பொம்பளை?”

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பிறகு ரசம் கேட்டார். ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்? அந்தக் கரண்டியை எறிந்திருக்க வேண்டாமா?

ஜூன் 25

வேலூர் ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்துவிட்டார்கள்.

கூட வந்தவள் அடுத்த வீட்டு ஜஹீருன்னிசா. கிணற்றடியில் என் ரவிக்கையில் நீர் கசிந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை. கோஷாப் பெண். தனியாகத் தெருமுனை தாண்டாதவள். தன் வீட்டுக்காரர் ரஷீத் அஹமதிடம் என்ன சொன்னாளோ, காலையில் பர்தாவோடு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். “ஏறு. பேஜார் பண்ணிக்காதே. உங்க வீட்டுக்காரரு அப்புறம் கத்தட்டும்.” காட்பாடி வரை ரயில். பிறகு தண்ணீரில்லாத பாலாற்றைத் தாண்டி ஜட்கா. வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

தாலி கட்டியவர் வரவில்லை. கிடங்கில் சரக்கு ஏற்றுகிறார்களாம்.

ஜூலை 5

அறுத்தாயிற்று. எழுத வரவில்லை. வலி.

ஜூலை 10

நேற்று ஒரு வழியாக வந்தார். கட்டிலருகே உட்காரவில்லை. நேரே பெரிய டாக்டரம்மாவிடம் போனார். அவர் வெள்ளைக்காரி. நர்ஸை வைத்துத்தான் பேச வேண்டும். இவர் கேட்ட கேள்வியை அந்த நர்ஸே பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். வலி எப்படி, எப்போது வீட்டுக்கு வரலாம் என்றெல்லாம் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாள் என்று கேட்டிருக்கிறார். முற்றிய கட்டி, இரண்டு வருஷம் இருந்தால் அதிகம் என்றாராம் பெரிய டாக்டரம்மா.

என் ஆயுளை என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரிடம் சொன்னார்கள். நான் என்ன, அவர் கிடங்கில் கிடக்கும் தோலா?

ஜூலை 14

இரண்டு வருஷம் என்பது உண்மையா என்று சின்ன டாக்டரம்மா தேவகிருபையிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் என்னை எழுப்பி, மெதுவாக நடத்தி, பின்கட்டில் மைக்ராஸ்கோப் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். என் கட்டியைச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன்.

எல்லாம் ஊதா. ஒழுங்கில்லாமல் பெருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தவைதான் புற்று என்றார். அவற்றைச் சுற்றியும் நடுவிலும், கேழ்வரகைக் கொட்டினாற்போல, சின்னச் சின்னக் கறுத்த உருண்டைகள். இத்தனையா!

“அதெல்லாம் உங்க ரத்தத்துல இருந்து வந்த வெள்ளை அணுக்கள். புண்ணு, சீழ் இருக்கிற இடத்துக்குத் தானா வரும். கட்டிக்குள்ள ஏன் வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது.”

இப்படி நிறைய இருப்பவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் சில டாக்டர்கள் எழுதியிருக்கிறார்களாம். இல்லை என்று மறுப்பவர்களும் உண்டாம். பெரிய டாக்டரம்மா இதை நம்புவதில்லை. “நான் சத்தியம் பண்ணித் தர மாட்டேன் டீச்சர். கண்ணால பார்த்ததைக் காட்டினேன், அவ்வளவுதான்.”

படுக்கைக்கு வந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். கட்டியவன் வரவில்லை. கூடப் பிறந்தவன் வரவில்லை. யாரும் கூப்பிடாமல் இவை வந்திருக்கின்றன. வந்து ஜெயிக்கவில்லை, சரி. வந்தன அல்லவா?

ஜூலை 29. ஆம்பூர்.

வீடு திரும்பி மூன்றாம் நாள். இன்று சொல்கிறார் — நெமிலியில் பெண் பார்த்தாயிற்றாம். பெயர் சுந்தரி. ஆவணியில் முகூர்த்தம்.

“டாக்டரம்மாவே ரெண்டு வருஷம்னு சொல்ட்டாங்க. எனக்கும் ஒரு புள்ள வேணாமா? நீ இருக்கிற வரைக்கும் இங்கயே இரு, யாரு போகச் சொன்னா?”

இருக்கிற வரைக்கும் இருக்கணுமாம்! யோவ், தையல் பிரிச்ச எடம் கூட இன்னும் ஆறலையே. பொணம் எடுத்தப்புறம் பண்ணிக்கக் கூடாதா? அதுக்குள்ள இன்னா அவசரம்?

அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டியது. இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12

இன்று சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை, டாக்டரம்மா சொன்னதை, எல்லாவற்றையும். ஒருவேளை நான் இருந்துவிடுவேன், கல்யாணத்தை நிறுத்துங்கள் என்றேன். சிரித்தார். “கண்ணாடியில பொட்டு பொட்டாத் தெரிஞ்சுதா? அதுவா உன்னைக் காப்பாத்தப் போவுது?”

“தெரியாது. நீங்க காப்பாத்தல. அது தெரியும்.”

அடிக்கக் கை ஓங்கினார். நான் நகரவில்லை. கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி இவரை வீட்டுக்காரர் என்று எழுத மாட்டேன். பெயர் இருக்கிறதே. சுப்பராயன்.

செப்டம்பர் 2, ஞாயிறு

சுப்பராயனுக்கு நெமிலியில் இன்று காலை கல்யாணம். அதே நேரத்தில் என் துணிமணியை ஜஹீருன்னிசா வீட்டுப் பின்னறைக்கு மாற்றினேன். ஊர் பேசும் என்றேன். ரஷீத் அஹமது தலையைக் குனிந்துகொண்டு, அந்த அறைக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு இருக்கிறது, யாரும் கேட்க முடியாது என்றார்.

நாளை பள்ளிக்கூடம்.

1929 ஏப்ரல் 20

வாசலில் சுந்தரி நின்றாள். மாசமாக இருக்கிறாள். முகத்தில் இன்னும் பால்மணம் மாறவில்லை. கதவைச் சாத்தத்தான் எழுந்தேன்.

“அந்தம்மா நாலு மாசத்துல போயிடுவாங்கன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. நீங்க நல்லா இருக்கீங்களாக்கா?”

எல்லாரிடமும் என் சாவைச் சொல்லியே காரியத்தை முடித்திருக்கிறான். இவள்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அந்தக் கோபமும் சுப்பராயன் கணக்கில்தான் சேர்ந்தது. மோர் கொடுத்து அனுப்பினேன்.

1930 ஜூலை 10

இரண்டு வருஷம் முடிந்தது. இன்று மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு.

1933 ஜூலை 22

வேலூர் போய்க் காட்டிவிட்டு வந்தேன். தழும்பில் ஒன்றுமில்லை, அக்குளில் ஒன்றுமில்லை. தேவகிருபையம்மாவுக்கு நரை கண்டுவிட்டது. எல்லாம் அந்தச் சின்ன உருண்டைகள்தானே அம்மா என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு. அவர் சிரிக்கவில்லை. காட்பாடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு என்னைப் போலவே நிறைய இருந்ததாம். மூன்று குழந்தைகள். பங்குனியில் இறந்துவிட்டாளாம். “ஏன்னு தெரியல டீச்சர்,” என்றார்.

ரயிலில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. அவளுக்கும்தானே வந்தன? வந்து பார்த்துக்கொண்டு நின்றனவா? யாரைப் போய்க் கேட்பது? கேட்க ஓர் ஆள்கூட இல்லாத கோபத்தை என்ன செய்வது?

1934 ஜூன் 4, திங்கள்

பள்ளிக்கூடம் திறப்பு. தலைமையாசிரியை காய்ச்சலில் படுத்துவிட்டதால் புதுக் குழந்தைகளை நான்தான் சேர்த்தேன். வரிசையில் சுப்பராயன், கையில் பெண் குழந்தை. குழந்தையின் பெயர் கேட்டேன். கோமதி என்று அவளே சொன்னாள். பிறந்த தேதியைச் சுப்பராயன் தப்பாகச் சொன்னார். அவள் ஐப்பசியில் பிறந்தது எனக்கே தெரியும். திருத்தி எழுதிக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்ட பிறகும் மேசை முன்னாலேயே நின்றார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, “எப்படி இருக்கே?” என்றார்.

“இருக்கேன்,” என்றேன்.

பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.