அணைந்த ஐந்து முகம்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
9 மே 2025

அன்பு மலர்,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயில். உன் மெசேஜைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

உன் கல்யாண அழைப்பிதழ் இணையப் பக்கத்தை நானே செய்து தருகிறேன் என்று எவ்வளவு குதித்தேன்! யூடியூப் பார்த்துப் பார்த்து, கோடு தன்னைத்தானே வரைந்துகொள்ளும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். குத்துவிளக்கு மெல்ல உருவாகி, ஐந்து முகத்திலும் ஒவ்வொன்றாகச் சுடர் ஏறியபோது எனக்கே புல்லரித்தது.

ஆனால் அசைவு முடிந்ததும் படம் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடும். முடிந்த இடத்திலேயே நிற்கச் சொல்லி நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. எரிந்த விளக்கு பொட்டென்று அணைந்துவிட்டது. அதுவும் கல்யாணப் பத்திரிகையில்!

அனுப்புவதற்கு முன்பே அதைப் பார்த்தேன் மலர். உங்கள் இருவர் பெயரும் வந்ததும் எல்லாரும் பக்கத்தைக் கீழே தள்ளிவிடுவார்கள், கடைசிவரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் காட்டிவிடும் அவசரம். இப்போது சரிசெய்துவிட்டேன். உன் மாப்பிள்ளை லோகனின் அம்மா பார்த்தார்களா?

உன் புனிதா


கிள்ளான்,
10 மே 2025

அடி புனி,

பார்த்தார்களாவா கேட்கிறாய்! குடும்பக் குழுவில் வந்த உடனே அத்தை, "என்ன இது, விளக்கு அணையுது?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். தேதியை மாற்றலாமா என்றுகூடப் பேச்சு. "போன் படத்துக்கெல்லாம் ஏன்லா பயப்படுறீங்க?" என்று கேட்டு லோகன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீடியோ காலில் அத்தையிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் அத்தை" என்றேன். உன் பெயரைச் சொன்னால் உன்னை மண்டப வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் எனக்குப் புடவை மடிப்பு யார் வைப்பது? தேதி தப்பித்தது. ஆனால் அத்தை தன் தங்கையிடம், "விளக்குலயே கவனம் இல்லாத பொண்ணு, வீட்டை எப்படிப் பார்த்துக்குவா?" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டுவிட்டுப் போகட்டும். நீ வாயைத் திறந்தாய் என்றால் கொன்றுவிடுவேன்.

மலர்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
12 மே 2025

மலர்க் கண்ணே,

கொன்றுவிடு. நேற்று எல்ஆர்டி ரயில் ஏறி அம்பாங்கில் லோகன் வீட்டுக்கே போய்விட்டேன். நீ அந்தக் கெட்ட பெயரோடு அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லோகன் அம்மா மைலோ கலக்கி வைத்தார். லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அணையுதுன்னு தெரிஞ்சேதான் அனுப்புனியா?"

"ஆமா ஆன்டி."

"ஏன்?"

வெட்கத்தோடு மைலோவைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். திருத்திய படத்தைப் போடச் சொன்னார். ஐந்து முகமும் எரிந்து நின்றன. அணையவில்லை என்று நம்பிக்கை வரும்வரை நின்றபடியே பார்த்தார்.

"மலர் மேல தப்பில்ல ஆன்டி" என்றேன்.

"அவ பொய் சொன்னப்பவே முகத்துல தெரிஞ்சதுலா. யாருக்காகன்னுதான் தெரியல."

அப்புறம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "முகூர்த்தத்தன்னைக்கு விளக்குப் பக்கத்துல நீதான் நிக்கணும். எண்ணெய் ஊத்தணும், திரியைத் தூண்டணும். தாலி கட்டுறப்ப எல்லாரும் முன்னால ஓடுவாங்க. நீ கண்ணை எடுக்கக்கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். விடியும் முன்பே வந்து உனக்குப் புடவை மடிப்பு வைத்துவிடுகிறேன். உன் கழுத்தில் தாலி ஏறுவதை மட்டும் நான் பார்க்கப்போவதில்லை மலர். கெட்டிமேளம் கேட்டால் தெரிந்துகொள்கிறேன்.

உன் புனிதா