விழாத பனிச்சரிவு

பான், ஜெர்மனி, 22 ஜனவரி 2024

அன்புத் தங்கை பிரபாலினிக்கு,

இங்கே நாங்கள் சுகம். தொலைபேசியை நீ எடுக்கிறாய் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரோடு எட்டு மணித்தியாலம் பேருந்தில் வந்தோம். விடுதிக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது காவல்துறை மறித்துவிட்டது. பனிச்சரிவு அபாயமாம். வானத்தில் ஒரு முகில் இல்லை! "உங்கட தங்கச்சி பனியை ஆராயிற வேலைதானே? அவவிட்ட ஒருக்கால் கேளுங்கோ" என்றார் கூட வந்த நவரத்தினம் அண்ணை. உடனே உனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "ஏலாது அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாய். பிள்ளைகள் அழுதபடி திரும்பினார்கள். இன்றுவரை அங்கே ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. அண்ணனுக்காக ஒரு மணித்தியாலம் திறந்துவிடச் சொல்லியிருக்க முடியாதா?

மனவருத்தத்துடன்,
மதீசன் அண்ணா


கார்மிஷ், 29 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்தில் எடுக்காமல் இருக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அன்று காலை நானும் என்னோடு வேலை செய்யும் ஹன்னாவும் மோட்டார் பனிவண்டிகளில் மலையேறினோம். அந்தப் பாதைக்கு மேலே, ஆபத்தில்லாத ஓரமாகப் பார்த்து, பனியைச் சோதிக்கக் குழி வெட்டினோம். மேலே இறுகிய புதுப்பனி. அடியில் சீனிபோல உதிரும் ஒரு படை. மண்வெட்டியை மேலே வைத்து மெல்லத் தட்டினேன். மூன்றாம் தட்டிலேயே மேல்பனி முழுப் பலகையாக வழுக்கி வந்தது. பாதையை மூடச் சொன்னது நான்தான் அண்ணா. நீங்கள் வந்துகொண்டிருப்பது தெரிந்துதான் சொன்னேன்.

அந்தப் பனி விழாமலே உருகியும் போகலாம். நான் செய்தது சரியென்று காட்ட என்னிடம் எதுவுமில்லை. ஒரு நாள் என்னோடு மேலே வந்து பாருங்கோ. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

அன்புடன்,
பிரபா


பான், 13 பெப்ரவரி 2024

என் பிரபாவுக்கு,

உன்னிடமிருந்து சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். முதுகுதான் நோகிறது, நீ வண்டி ஓட்டிய விதம் அப்படி! பின்னால் உன்னைப் பிடித்தபடி நான் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டது இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது. பாதையே இல்லாத இடத்தில், எழுந்து நின்று, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நீ ஏறியதை நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

குழிக்குள் முழந்தாளிட்டு அந்தப் பனியை அள்ளி என் கையில் தந்தாய். விரலிடுக்கால் ஓடிவிட்டது. இதற்குக் கீழாலேயா நாற்பது பிள்ளைகளைக் கொண்டுபோகக் கேட்டேன்! நீ அன்று கண்ணீர் வழிய வழியப் பாதையை மூடச் சொல்லி அறிவித்ததையும், குரல் மட்டும் நடுங்காததையும் ஹன்னா சொன்னாள். பனி விழுந்ததா இல்லையா என்று இனி நான் செய்தி பார்க்கப்போவதில்லை. அன்று உன்னிடம் கேட்டது என் பிழை. மன்னித்துக்கொள்.

"மலை எப்பிடி இருந்தது?" என்று அண்ணி கேட்டாள்.

"மலையை எங்க பாத்தன்? இவள் பிரபாவைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றேன்.

என்றும் அன்புடன்,
மதீசன் அண்ணா