எழுபத்தொன்றாம் வருடத்து ஒரு சென்ட்

ஜனவரி 14, செவ்வாய்

ஊராருக்கும் உலகோருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வடக்கு மினசோட்டாவில், மூக்குச்சளியே உறையும் குளிரில், ஆர்லோ கிவெலா என்னும் பதினைந்து வயது மாமேதைக்கு, பெட்ரோல் பங்கில் சூடான சாக்லேட் வாங்கிய சில்லறையில் ஒரு சென்ட் கிடைத்திருக்கிறது. மணக்காத சென்ட்தான். முகர்ந்து பார்த்துவிட்டேன்.

ஆனால் சாதாரண சென்ட் இல்லை. 1971, ப்ரூஃப் காசு. சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி போல அடித்து, பெட்டியில் மூடி விற்பது. அதிலும் 'லிபர்ட்டி' என்ற எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. எனக்கு ஏற்கெனவே எல்லாம் இரண்டிரண்டாகத்தான் தெரிகிறது, சந்தோஷத்தில்.

ஜனவரி 18, சனி

பழங்காசுக் கடைக்காரர் கஸ் டெல்வோ லென்ஸைக் கண்ணில் செருகிப் பத்து நிமிடம் பேசவில்லை. அந்த மனிதர் வாயை மூடியிருந்ததே ஒரு சாதனை.

"அடிக்கிறப்போ அச்சு ஆடியிருந்தா எழுத்துக்குப் பக்கத்துல தட்டையா படி மாதிரி விழும். அது ஒரு சென்ட்தான் போகும். இது அப்படி இல்லடா. எழுத்து நுனியே பிளந்திருக்கு பாரு. அச்சுலயே ரெட்டிப்பு."

பிறகு விளக்கடியில் சாய்த்துப் பார்த்து முகம் சுளித்தார். மேலெல்லாம் மெல்லிய கீறல். கீறாமல் இருந்தால் ஆயிரம் டாலரை நெருங்கியிருக்குமாம், இப்போது நூற்றைம்பது போனால் அதிகமாம். எந்தப் படுபாவியோ சாவியோடு பையில் போட்டிருக்கிறான் என்றார். நானும் சேர்ந்து அந்தப் படுபாவியைத் திட்டினேன்.

ப்ரூஃப் காசு தானாக நடந்து கடைக்குப் போகாது, யாரோ பெட்டியை உடைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஜனவரி 25, சனி

ஊர்ப் பத்திரிகையில் என் படம்! எந்த பங்க், எந்தக் கிழமை, எத்தனை மணி, எல்லாம் நிருபரிடம் விவரமாகச் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்.

அக்கா ஜனெல் துணி மடித்துக்கொண்டே படித்தாள். "படம் நல்லா வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். பொறாமை.

பிப்ரவரி 3, திங்கள்

ஜனெல் வேலை பார்க்கும் வீட்டு மிஸஸ் லெய்ன், அக்டோபரில் செத்துப்போன கணவர் வால்ட்டின் காசுப் பெட்டிகளை மதிப்புப் போட கஸ்ஸிடம் கொண்டுபோயிருக்கிறார். 1971 பெட்டியில் ஐந்து குழிகளும் காலி. உள்ளே வால்ட் எழுதி வைத்த சீட்டு மட்டும்: 'சென்ட் – இரட்டை அச்சு.'

கஸ்ஸுக்கு உடனே என் காசு ஞாபகம் வந்திருக்கிறது. மீதிக் கணக்கை எல்லோரும் சுலபமாகப் போட்டுவிட்டார்கள். விலை தெரியாத யாரோ எடுத்து பங்கில் செலவழித்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குத் தினமும் போவது யார்? ஜனெல். சாயங்காலம் அதே பங்கில் சிகரெட் வாங்குவது யார்? ஜனெல்.

கிழமையும் மணியும் பத்திரிகையிலேயே இருக்கின்றன.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒன்றும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேலை போய்விட்டது. நர்ஸ் படிப்புக்கு மிஸஸ் லெய்ன் தருவதாகச் சொன்ன நற்சான்றுக் கடிதமும் போயிற்று. அது இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். அம்மா காலையிலிருந்து ஜனெலிடம் பேசவில்லை.

நீதான் எடுத்தாயா என்று மிஸஸ் லெய்ன் கேட்டபோது ஜனெல் ஆம் என்றும் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். ஏன் சும்மா இருந்தே, வாய் இல்லையா உனக்கு – சமையலறையில் போய்க் கேட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம்.

பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "உன் ஜீன்ஸ யாருடா துவைக்கிறா?"

குனிந்து என் ஜீன்ஸைப் பார்த்தேன்.

"அந்தக் காசு கிடைச்சுதுன்னு நீ குதிச்சதுக்கு நாலு நாள் முன்னாடியே உன் பையில இருந்துச்சு. சாவிக்கொத்தோட. எடுத்துத் திருப்பி அங்கேயே வெச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

பிப்ரவரி 22, சனி

ஜனெல் டுலூத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். ஏதோ ஓட்டலில் துணி வெளுக்கும் வேலை.

மார்ச் 2, ஞாயிறு

இந்த நோட்டில் எனக்கு நானே பொய் எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? யாரைக் கேட்கிறேன்?

பங்கில் எதுவும் கிடைக்கவில்லை. டிசம்பரில் மிஸஸ் லெய்ன் வீட்டு வாசலில் பனி அள்ளப் போனேன். அலமாரி உச்சியிலிருந்து ஏதோ எடுத்துத் தரச் சொன்னார். அங்கே அந்தப் பெட்டி, அந்தச் சீட்டு. அவர் காபி போடப் போன நேரத்தில் காசுகளை மட்டும் நெம்பி எடுத்தேன். விற்பதற்காக இல்லை. பெட்டியில் இருந்தால் அது வால்ட்டுடையது. சில்லறையில் கிடைத்தால் கண்டுபிடித்தவன் நான். ஆனால் கை பல மாறி வந்த காசு அப்படி மின்னாதே. அதனால்தான் சாவிக்கொத்தோடு நாலு நாள். ஆயிரத்தை நூற்றைம்பதாக்கிய படுபாவி நான்தான்.

இன்று மிஸஸ் லெய்னிடம் போய்ச் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். சென்ட்டையும் மேஜையில் வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவக் காப்பாத்தப் பாக்கறே. நல்ல பிள்ளப்பா நீ."

மற்ற நாலு காசையும் பள்ளிக்கூட சோடா இயந்திரத்தில் போட்டிருந்தேன். மூன்றை விழுங்கியது, அரை டாலரைத் துப்பிவிட்டது. அதே பெட்டியின் அரை டாலர். மிஸஸ் லெய்ன் என் கையைப் பிடித்தபோது அது என் கோட்டுப் பையில்தான் இருந்தது, காட்டத்தான் எடுத்துப் போயிருந்தேன். எடுத்து வைத்திருந்தால் நம்பியிருப்பார்.

எடுக்கவில்லை. அவர் தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தார். இரண்டையும் தின்றுவிட்டு வந்தேன்.