உங்கள் நம்பருக்கு வந்த செய்திகள்

மகளின் அப்பாவுக்கு,

இங்கே மழை விடவில்லை. பாடசாலை முடிந்து கம்பளை கிளினிக்குக்குப் போய்வந்ததில் கால் வீங்கிவிட்டது.

அங்கே முதல்முறை பதியும்போது உங்கள் நம்பரைத்தான் கொடுத்தேன். எங்கே கேட்டாலும் அதைச் சொல்லியே பழக்கம். அதனால் கர்ப்பிணித் தாய்மாருக்கான செய்திகளெல்லாம் கொழும்பில் இருக்கும் உங்களுக்கு வருகின்றன. ஒரு சொல்லும் சேர்க்காமல் எனக்கு அனுப்பிவிடுகிறீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் குடிக்க வேண்டாமாம். சரி, குடிப்பதில்லை.

போன கிழமை, "குழந்தையின் அசைவு தெரிகிறதா?" என்று வந்தது. நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைத்து, எப்போது அசைகிறது, எந்தப் பக்கம் உதைக்கிறது என்றெல்லாம் நீளமாக எழுதினேன். அதற்குப் பதிலாக, இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லும் அடுத்த செய்திதான் வந்தது.

மகள் ஏ.எல். பரீட்சை எழுதும் வருடத்தில் எனக்கு வயிறு தெரிவது உங்களுக்கு வெட்கம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது.

இன்று மிட்வைஃப் மிஸ் என் கார்டில் உங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், ஐயாவா புள்ள பெறப் போறாரு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உங்கள் நம்பரை வெட்டிவிட்டு என்னுடையதை எழுதச் சொன்னேன்.

இனி அந்தச் செய்திகள் எனக்கே வரும். உங்களிடமிருந்து ஏதாவது வந்தால், அது நீங்கள் எழுதியதாகத்தான் இருக்கும்.

வீட்டிலிருந்து,
நான்