நாலு அறைக்கு மூன்று பேர்

நவம்பர் 5, 2019, செவ்வாய். ஷாஃப்ஹவுசன்

பனிமூட்டம். ரைன் ஆறு இருக்கும் பக்கமே தெரியவில்லை. மகள் ஆரணி ஜெனீவா போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலையிடம் நல்லதாம், சாப்பாடு சப்பையாம். அவளுடைய சின்னறையைக் கூட்டித் துடைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு கீரை ஆய்ந்தேன்.

இவருக்கு வேறு கவலை. "பிள்ளையின்ரை விலாசப் பதிவு இஞ்சையே இருக்கட்டும். எடுத்தா வீடு போயிடும்."

நகரசபை வீடு. நாலு அறைக்கு ஆகக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். குறைந்தால் சின்ன வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதுதான் விதி. இந்த வாடகைக்கு வெளியில் கோழிக்கூடுகூடக் கிடைக்காது.

நவ. 9, சனி

வாங்க: வெங்காயம், பால், முழங்கால் தைலம்.

காலையில் கதவைத் திறந்தால், எங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு சோடி கம்பளிச் செருப்பு. சாம்பல் நிறம், குதி தேய்ந்தது. கீழ்வீட்டுக் கமலா அக்காவுடையதாக்கும் என்று கொண்டுபோனேன். முகம் மாறிவிட்டது அவவுக்கு.

"இது உங்களுக்கு முதல் இருந்த சுவிஸ் மனுசியின்ரை எல்லோ. புருசன் செத்தாப் பிறகு தனியாள் எண்டு நகரசபை ஆக்கள் வீட்டை விட்டு எழுப்பினவை. போகமாட்டன் எண்டு அந்தச் சின்னறைக்குள்ள இருந்து அழுதது. போய் ஒரு மாசத்தில ஆளும் முடிஞ்சுது."

"அப்ப ஆர் கொண்டுவந்து வைச்சது?"

"எனக்கென்ன தெரியும். எறிஞ்சுபோட்டுத் தலை முழுகுங்கோ."

எறிந்தேன். முழுகினேன். இத்தனை வருடமாக இருக்கிறோம், ஒருநாளும் இப்படி இல்லை. ஆரணி போன பிறகுதான்.

நவ. 11, திங்கள்

செருப்பு திரும்பவும் வாசலில். ஒழுங்காக, மூக்கு கதவைப் பார்த்தபடி. எங்கள் வீடுகளில் வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே என்றுதான் அர்த்தம்.

இவரிடம் சொன்னேன். "விசர்க்கதை கதையாதை." ஆனால் சின்னறைப் பக்கம் போகவில்லை. கவனித்தேன்.

நவ. 14, வியாழன்

மழை. நகரசபை ஆள் சொல்லாமல் வந்தார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இவர் வேலையில்.

"மூன்று பேரும் இங்கேதான் வசிக்கிறீர்களா?" ஜெர்மனில் கேட்டார்.

"ஓம்" என்றேன். பிறகுதான் ஜெர்மன் "யா" வந்தது.

அவருக்குத் தமிழ் வீடுகள் பழக்கம் போல. குனிந்து வாசலைப் பார்த்தார். இவருடைய பழைய சப்பாத்து, என் செருப்பு, அது.

"இது மகளுடையதா?"

"யா. இரவு வேலை. தூங்குகிறாள்."

சொன்ன வாய் மூடவில்லை, சின்னறைக்குள் யாரோ இருமினார்கள். கட்டில் கிரீச்சென்றது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுப்ப வேண்டாம். எல்லாம் சரி." படியிறங்கிப் போய்விட்டார்.

வீடு தப்பியது. கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன். பயம். நன்றியும். ஆரணிக்குப் போன் எடுத்தேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"வேலையில அம்மா. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். இவருக்கும் சொல்லப்போவதில்லை. தேத்தண்ணி ஊற்றி ஒரு கோப்பையைச் சின்னறை வாசலில் வைத்தேன். சீனி போடுவாவோ தெரியாது.

நவ. 15, வெள்ளி

மரக்கறிச் சமையல். குளிர் கூடிவிட்டது. கோப்பை குசினியில், கழுவிக் கவிழ்த்தபடி. நான் கவிழ்ப்பதில்லை.

பின்னேரம் ஆரணியின் போன். "அம்மா, டிசம்பரில நத்தார் லீவுக்கு வாறன். என்ரை அறையைத் துடைச்சு வையுங்கோ."

"இப்ப வராதை பிள்ளை."

"ஏனம்மா?"

இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.